அத்தியாயம் 6: கமெண்டைத் திருத்துவது எப்படி? — என்கோடிங் லைப்ரரிகளில் முதல் பங்களிப்பு

ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி ஒன்றில் முதன்முதலாகக் கைவைக்க நினைக்கிறீர்கள். நிரல் பெரியது, பயமாக இருக்கிறது. அப்படியென்றால் நிரலைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் மேலே எழுதியிருக்கும் விளக்கக் கமெண்டைப் படியுங்கள். ‘இது என்ன வாங்கும், என்ன தரும், எப்போது பிழை சொல்லும்’ என்று நான்கைந்து வரி இருக்கும். அந்த வரிகளை நம்பித்தான் மற்றவர்கள் அந்த லைப்ரரியைப் பயன்படுத்துகிறார்கள். அதில் ஓர் எண் தவறாக இருந்தால், அதை நம்பி எழுதிய நிரல் எங்கோ ஒரு வங்கியிலோ மருத்துவமனையிலோ பெயர்களை வெட்டிக்கொண்டிருக்கும்.

இந்த அத்தியாயம் தரவை ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றும் லைப்ரரிகளைப் பற்றியது. யூடிஎஃப்-8, பேஸ்64, ஜேசான், டிஸ்கி ஆகியவை நமக்கு உதாரணங்கள். சி, ஜாவா, பைத்தான் என எந்த மொழியில் எழுதிய லைப்ரரியானாலும் முறை ஒன்றுதான். கமெண்டுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். இங்கே அவற்றின் பொருளைத் தமிழில் தந்திருக்கிறேன்.

1. இந்த வேலைக்கு நீங்கள் ஏன் பொருத்தமானவர்

நாகர்கோவில் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் 9 எழுத்து, 9 யூனிகோட் குறியெண், யூடிஎஃப்-8-இல் 9 பைட். மூன்றும் ஒரே எண். எழுத்து என்றாலும் பைட் என்றாலும் ஒன்றுதான் என்று எண்ணிக்கொண்டு ஒருவர் கமெண்ட் எழுதினால், அவருடைய ஆங்கிலச் சோதனை எதிலும் அந்தத் தவறு வெளிப்படாது.

தமிழில் எழுதுங்கள்: நா, க, ர், கோ, வி, ல் என 6 எழுத்து. யூனிகோட் குறியெண்கள் 11. உயிர்க்குறிக்கும் புள்ளிக்கும் தனித்தனி எண் உண்டு என்பதே காரணம். யூடிஎஃப்-8-இல் 33 பைட். ந என்ற ஒரு குறியெண்ணே (2984) 224, 174, 168 என்று மூன்று பைட்டாகப் போகிறது. 6, 11, 33 என்று மூன்று எண்களும் பிரிந்து நிற்பதால், கமெண்ட் எதை எண்ணுகிறது என்பது உடனே தெரிந்துவிடும். ஆங்கிலச் சோதனையில் பல ஆண்டுகள் ஒளிந்திருந்த தவறு உங்கள் ஊர்ப்பெயரில் ஒரே நொடியில் வெளியே வரும்.

ஆகவே முதலில் ஒரு சோதனைப் பட்டியலைத் தயார் செய்யுங்கள். பெயர், தமிழ் எழுத்து, குறியெண், பைட் என்ற வரிசையில்:

- தக்கலை: 4, 6, 18
- குளச்சல்: 5, 8, 24
- நாகர்கோவில்: 6, 11, 33
- ஆரல்வாய்மொழி: 7, 12, 36
- வடசேரி சந்தை (இடைவெளியும் சேர்த்து): 8, 12, 34

தமிழ் எழுத்தை எண்ண, எழில் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலை தொடங்கிய ‘ஓப்பன்-தமிழ்’ என்ற பைத்தான் லைப்ரரியில் ‘கெட்-லெட்டர்ஸ்’ என்ற ஃபங்ஷன் இருக்கிறது. குறியெண்ணை எண்ணப் பைத்தானின் ‘லென்’ போதும். பைட்டை எண்ண, யூடிஎஃப்-8-ஆக மாற்றிவிட்டு மறுபடி ‘லென்’ போடுங்கள்.

2. எங்கே தேடுவது: ஐந்து வகைப் பிழைகள்

எழுத்துப்பிழையைத் திருத்துவதும் உதவிதான். ஆனால் நாம் தேடுவது ஆளைத் தவறான வழியில் அனுப்பும் வரிகளை. அவை பெரும்பாலும் இந்த ஐந்து இடங்களில் இருக்கும்.

அ) அலகு சொல்லாமை. ‘சரத்தின் நீளத்தைத் தரும்’ என்று மட்டும் எழுதியிருக்கும். சந்தையில் விலையைச் சொல்லிவிட்டு, கிலோவுக்கா கட்டுக்கா என்று சொல்லாமல் விடுவது போன்றது இது. நல்ல கமெண்ட் எப்படி இருக்கும் என்று பார்க்க ஜாவாவின் நீளம் தரும் ஃபங்ஷனைத் திறங்கள்: யூனிகோட் குறியலகுகளின் எண்ணிக்கை என்று தெளிவாக இருக்கும். கோ மொழியில் சரத்தின் நீளம் பைட்டுகளின் எண்ணிக்கை என்று எழுதியிருப்பார்கள். நாகர்கோவிலுக்கு ஜாவா 11 தரும், கோ 33 தரும். இரண்டும் சரி, ஏனென்றால் இரண்டும் அலகைச் சொல்லியிருக்கின்றன.

ஆ) விளிம்பை மறந்த வாய்பாடு. பேஸ்64 முறை 3 பைட்டை 4 குறியாக மாற்றுகிறது. அதனால் ‘வெளியீட்டின் நீளம் = உள்ளீடு × 4/3’ என்று கமெண்டில் எழுதிவிடுவது வழக்கம். நாகர்கோவிலின் 33 பைட்டுக்கு இது சரியாக 44 தரும். ‘வடசேரி சந்தை’யின் 34 பைட்டுக்குப் போட்டுப் பாருங்கள்: வாய்பாடு 45.33 என்கிறது, உண்மையில் வருவது 48. கடைசியில் இரண்டு ‘=’ குறிகள் ஒட்டிக்கொள்ளும். சரியான வாய்பாடு: பைட்டை 3-ஆல் வகுத்து, மீதி இருந்தால் மேல்நோக்கி முழு எண்ணாக்கி, 4-ஆல் பெருக்க வேண்டும்.

இதில் தமிழருக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. நாம் அன்றாடம் எழுதும் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால், இடைவெளியோ எண்ணோ கலக்காத தமிழ்ச்சொல் எதைக் கொடுத்தாலும் பேஸ்64-இல் ‘=’ வரவே வராது. தமிழ்ச்சொல்லை மட்டும் வைத்துச் சோதித்தால் நீங்களும் ஏமாறுவீர்கள். மேலே உள்ள பட்டியலில் இடைவெளியுள்ள ஒரு பெயரைச் சேர்த்தது இதற்காகத்தான்.

வரிமுறிவையும் பாருங்கள். மின்னஞ்சலுக்காக 1996-இல் வெளியான ஆர்எஃப்சி 2045, பேஸ்64 வரி 76 குறிகளைத் தாண்டக்கூடாது என்கிறது. 2006-இல் வந்த ஆர்எஃப்சி 4648, தனியாகச் சொல்லப்படாவிட்டால் வரிமுறிவு சேர்க்கக்கூடாது என்கிறது. பைத்தானில் இரண்டுக்கும் தனித்தனி ஃபங்ஷன் உண்டு. நாகர்கோவிலை இரண்டு முறை இடைவெளியில்லாமல் அடுத்தடுத்து எழுதினால் 66 பைட். ஒரு ஃபங்ஷன் 88 குறி தரும், மற்றது இரண்டு வரிமுறிவும் சேர்த்து 90 தரும். கமெண்ட் எந்த முறையைச் சொல்கிறது என்று பாருங்கள்.

இ) காலாவதியான உண்மை. எழுதிய நாளில் சரியாக இருந்து, பிறகு தவறாகிப்போன கமெண்டுகள் இவை. யூடிஎஃப்-8 முறையைக் கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992-இல் வடிவமைத்தார்கள். 1998-இன் ஆர்எஃப்சி 2279-இன்படி ஒரு குறியெண்ணுக்கு 6 பைட் வரை போகலாம். 2003-இல் வந்த ஆர்எஃப்சி 3629 அதை 4 பைட்டாகக் குறைத்தது. ‘அதிகபட்சம் 6’ என்ற வரியைப் பழைய நிரல்களில் இன்றும் காணலாம்.

நமக்கு நெருக்கமான உதாரணம் ஒன்று: ‘தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8-இல் 3 பைட்.’ யூனிகோடில் தமிழுக்கென்று ஒரே கட்டம், 2944 முதல் 3071 வரை, இருந்த காலத்தில் இது முழு உண்மை. 2019-இல் வெளியான யூனிகோட் 12.0 ‘தமிழ் இணைப்பு’ என்ற புதிய கட்டத்தைச் சேர்த்தது. மா, காணி, முந்திரி முதலிய பழைய பின்னக்குறிகளும் அளவைக்குறிகளும் அதில் இருக்கின்றன. முந்திரி, அதாவது 320-இல் ஒரு பங்கின் குறி, 73664-ஆம் இடத்தில் அமர்ந்திருக்கிறது. இது யூடிஎஃப்-8-இல் 4 பைட். யூடிஎஃப்-16 குறியலகுகளை எண்ணும் ஜாவாவில் நீளம் 2. மைஎஸ்க்யூஎல்லின் பழைய ‘யூடிஎஃப்8’ வகை 3 பைட்டுக்கு மேல் ஏற்காது. ‘யூடிஎஃப்8எம்பி4’ வகை வேண்டும்.

இந்தக் குறிகள் யாருக்கு வேண்டும் என்று கேட்காதீர்கள். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ஆராய்ந்த ‘முதலியார் ஓலைகள்’ என்ற பழைய ஆவணங்கள் நாஞ்சில் நாட்டில்தான் கிடைத்தன. பழைய நிலக்கணக்கு ஆவணங்களைக் கணினியில் ஏற்ற நினைப்பவருக்கு மாவும் காணியும் முந்திரியும் தவிர்க்க முடியாதவை. ‘3 பைட் போதும்’ என்ற கமெண்டை நம்பி அவர் தரவுத்தளம் அமைத்தால், வயலின் பரப்பளவு ஏறாமல் நின்றுவிடும்.

ஈ) வரிசை. டிஸ்கி தமிழுக்கான 8-பிட் முறை. கண்ணுக்குத் தெரியும் வரிசையில் குறிகளைச் சேமிக்கும். கோ என்பது அதில் இரட்டைக்கொம்பு, க, துணைக்கால் என்று மூன்று பைட். யூனிகோடிலோ க முதலில், பிறகு ஓகார உயிர்க்குறி. அதனால் டிஸ்கியிலிருந்து மாற்றும் நிரல், கொம்பை வாங்கி வைத்துக்கொண்டு அடுத்து வரும் மெய்க்காகக் காத்திருக்க வேண்டும். குனூ சி லைப்ரரியின் ஐகான்வ் தொகுப்பில் இத்தகைய டிஸ்கி மாற்றி இருக்கிறது. ‘ஒவ்வொரு பைட்டும் தனித்தனியே மாற்றப்படும்’ என்று ஒரு டிஸ்கி மாற்றியின் கமெண்ட் சொன்னால் அது தவறு. கோப்பைத் துண்டு துண்டாகப் படித்து மாற்றுபவர் அதை நம்பினால், துண்டின் எல்லையில் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து மறுபக்கமும் போகும்.

இதோடு சேர்ந்தது ஓகாரத்தின் இரட்டை வடிவம். யூனிகோடில் கோ-வின் உயிர்க்குறியை ஒரே குறியெண்ணாகவும் (3019) எழுதலாம். ஏகாரக்குறி, ஆகாரக்குறி என்று இரண்டாகவும் (3015, 3006) எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. இரண்டாம் வகையில் நாகர்கோவில் 12 குறியெண், 36 பைட். சரங்களை ஒப்பிடும் ஃபங்ஷனின் கமெண்டில், ஒப்பிடும் முன் இவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருகிறதா இல்லையா என்பது இருக்க வேண்டும்.

உ) நோக்கம். பேஸ்64 தரவைப் ‘பாதுகாக்கிறது’, ‘மறைக்கிறது’ என்று எழுதும் கமெண்டுகள் மிக ஆபத்தானவை. அதை எவரும் சாவியின்றித் திரும்ப மாற்றலாம். அந்தக் கமெண்டை நம்பிக் கடவுச்சொல்லை அப்படி மாற்றிச் சேமிப்பவர் உண்டு. இத்தகைய வரியைக் கண்டால் முதலில் அதைத் திருத்துங்கள்.

3. யார் பக்கம் தவறு?

கமெண்டும் நிரலும் முரண்படுவதைக் கண்டதும் கமெண்டை மாற்றிவிடாதீர்கள். மூன்று சாட்சிகளை அழையுங்கள்: கமெண்ட் சொல்வது, நிரல் செய்வது, தரநிலை ஆவணம் விதிப்பது.

- நிரலும் தரநிலையும் ஒத்துப்போகின்றன, கமெண்ட் மட்டும் விலகுகிறது என்றால் கமெண்டைத் திருத்துங்கள். இதுதான் நம் வேலை.
- கமெண்டும் தரநிலையும் ஒத்துப்போகின்றன, நிரல் விலகுகிறது என்றால் அது பக். நிரலின் தவறுக்கு ஏற்பக் கமெண்டை மாற்றினால் பக்கை விதியாக்கிவிடுவீர்கள். பக் என்றே பதிவுசெய்யுங்கள்.
- கமெண்டும் நிரலும் ஒன்று, தரநிலை வேறு என்றால் வேண்டுமென்றே செய்திருக்கலாம். ஜாவா தன் உள்வேலைகளுக்கு ‘மாற்றப்பட்ட யூடிஎஃப்-8’ என்ற தனிவகையை வைத்திருக்கிறது. அதை ஆவணத்திலும் சொல்லியிருக்கிறது. கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.
- மூன்றும் மூன்று திசையில் போனால் கேள்வியாக எழுப்புங்கள். திருத்தம் அனுப்ப வேண்டாம்.

அவசரப்பட்டால் எப்படித் தவறும் என்பதற்கு ஓர் உதாரணம். ஒரு லைப்ரரியில் ‘ஓர் அலகுக்கு அதிகபட்சம் 3 பைட்’ என்று இருக்கிறது. முந்திரிக்குறி 4 பைட் என்று இப்போதுதான் படித்தீர்கள். 4 என்று திருத்தக் கை பரபரக்கும். உள்ளீடு என்ன என்று பாருங்கள். அது யூடிஎஃப்-16 குறியலகு என்றால் 3 என்பதே சரி. முந்திரிக்குறி அங்கே இரண்டு அலகு. இரண்டுக்கும் சேர்த்து 4 பைட்தான், 6-ஐத் தாண்டவில்லை. உள்ளீடு குறியெண் என்றால் மட்டுமே 4.

எல்லைகளைத் திருத்தும்போது இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். எல்லையைக் கூட்டிச் சொன்ன கமெண்டால் நினைவகம் வீணாகும். குறைத்துச் சொன்ன கமெண்டால் ஒதுக்கிய இடம் போதாமல் நிரல் உடையும். குறைத்துச் சொன்னவற்றை முதலில் திருத்துங்கள்.

உள்ளூர் அறிவும் ஒரு சாட்சிதான். கொல்லம் ஆண்டை ஆங்கில ஆண்டாக மாற்றும் ஃபங்ஷனில் ‘825-ஐக் கூட்டவும்’ என்று ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். கொல்லம் 1099-இன் பெருவெள்ளம் 1924 ஜூலையில் வந்தது. அதற்கு 825 சரி. அதே 1099-இன் ஆவணி மாதம் 1923 ஆகஸ்டில் தொடங்கியது; அதற்கு 824. தெற்கே திருவிதாங்கூரில் ஆண்டு ஆவணியில் பிறக்கும், வடக்கே மலபாரில் புரட்டாசியில். எந்தக் கணக்கு என்பதையும் கமெண்ட் சொல்லவேண்டும். பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டைப் பார்த்துப் பழகிய குமரி மாவட்டத்துக்காரருக்கு இது சட்டென்று தோன்றும்.

4. திருத்தத்தை எழுதுவது

கமெண்டில் சேர்க்கும் ஒவ்வொரு எண்ணுக்கும் அலகு வையுங்கள். எல்லை என்றால் அந்த எல்லையும் உள்ளடங்குமா என்று சொல்லுங்கள். தரநிலை மாறக்கூடியது என்றால் பதிப்பைக் குறிப்பிடுங்கள். ஓர் உதாரணம் கொடுங்கள்.

முன்பு: ‘தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் 3 பைட்.’

பின்பு: ‘யூனிகோட் தமிழ்க் கட்டத்தின் (2944–3071) குறியெண் ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8-இல் 3 பைட். தமிழ் இணைப்புக் கட்டத்தின் (யூனிகோட் 12.0 முதல்) குறியெண் ஒவ்வொன்றும் 4 பைட். ஒரு தமிழ் எழுத்து ஒன்றுக்கு மேற்பட்ட குறியெண்களால் ஆகலாம்.’

முன்பு: ‘சரத்தை ஜேசானாக மாற்றும்.’

பின்பு: ‘சரத்தை ஜேசானாக மாற்றும். இயல்பாக, ஆஸ்கி அல்லாத குறியெண் ஒவ்வொன்றும் 6 குறிகள் கொண்ட விடுபடு (எஸ்கேப்) வடிவில் வரும். 65535-க்கு மேற்பட்டவை 12 குறிகள். எ-டு: நாகர்கோவில், மேற்கோள்குறிகள் உட்பட, 68 குறிகள்.’ பைத்தானின் ஜேசான் தொகுப்பு இயல்பாக இப்படித்தான் நடந்துகொள்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் தமிழை அப்படியே விட்டுவிடும். அதனால் உங்கள் லைப்ரரி எப்படிச் செய்கிறது என்று ஓட்டிப் பார்த்த பிறகே எழுதுங்கள்.

பைத்தானில் ‘டாக்டெஸ்ட்’ வசதி இருக்கிறது. கமெண்டில் இருக்கும் உதாரணத்தையே அது ஓட்டிச் சரிபார்க்கும். உதாரணத்தை அந்த வடிவில் எழுதினால், பிற்காலத்தில் நிரல் மாறும்போது டெஸ்ட் உடைந்து, கமெண்ட் பழசாகிவிட்டதைச் சொல்லிவிடும்.

5. அனுப்புவது

அனுப்பும் முன் அதே வரி வேறெங்கே இருக்கிறது என்று முழு ரெப்போவிலும் தேடுங்கள். கமெண்டுகள் பிரதியெடுக்கப்படுபவை, ஹெடர் கோப்பிலும் ரீட்மீயிலும் அதே தவறு இருக்கலாம். ஜாவாடாக், டாக்ஸிஜன், ஸ்ஃபிங்ஸ் போன்ற கருவிகள் உருவாக்கிய பக்கத்தைத் திருத்தாதீர்கள். அடுத்த முறை ஓட்டும்போது உங்கள் திருத்தம் அழிந்துவிடும். மூலக் கமெண்டைத் திருத்துங்கள்.

ஒரு புல் ரிக்வெஸ்டில் ஒரே விஷயம் இருக்கட்டும். நடுவில் இடைவெளிகளைச் சீராக்குவது, மாறிகளின் பெயரை மாற்றுவது வேண்டாம். மெயின்டெய்னர் மாற்றங்களைப் பார்க்கும்போது கமெண்ட் வரிகள் மட்டுமே தெரிய வேண்டும். கமிட் செய்தியில் நான்கு விஷயங்கள் போதும்: எது தவறு, எப்படித் தெரியும், எது சரி, நிரலில் மாற்றம் உண்டா. மாதிரிக்கு:

‘பேஸ்64: வெளியீட்டு நீளக் கமெண்டில் திருத்தம். உள்ளீடு 3-ஆல் வகுபடாதபோது பழைய வாய்பாடு குறைவாகக் காட்டியது. 34 பைட்டுக்கு 45 என்று வரும். ஆர்எஃப்சி 4648-இன்படியும் நிரலின்படியும் 48. நிரலில் மாற்றமில்லை.’

‘யூனிகோட் தெரியாமல் எழுதியிருக்கிறார்கள்’ என்ற தொனி எங்கேயும் வரக்கூடாது. பழைய கமெண்ட் எழுதிய காலத்தில் சரியாக இருந்திருக்கலாம். இருந்தால் அதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். திருத்தம் சீக்கிரம் ஏற்கப்படும். மறுப்பு வந்தால் வாதத்தைவிடச் சோதனை முடிவே பேசும்: உள்ளீடு, கிடைத்த எண், பதிப்பு எண் மூன்றையும் ஒட்டுங்கள்.

6. பயிற்சி

1. கன்னியாகுமரி: எழுத்து, குறியெண், பைட், பேஸ்64 நீளம் என்ன? (விடை: 7, 12, 36, 48)

2. கொட்டாரம் என்ற பெயரில் ஒகரக்குறி ஒரே குறியெண்ணாக இருந்தால் எத்தனை பைட்? இரண்டாகப் பிரிந்திருந்தால்? (விடை: 27, 30)

3. நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் லைப்ரரி ஒன்றில் ‘நீளம்’ என்று பேசும் கமெண்டுகளை எல்லாம் எடுத்து, அலகு சொல்லாதவற்றைப் பட்டியலிடுங்கள்.

மூன்றாவது பயிற்சிக்கு இந்த நூலில் விடை இல்லை. பட்டியலில் முதலாவதை எடுத்து, உங்கள் ஊர்ப்பெயரைக் கொடுத்து ஓட்டி, கிடைத்த எண்ணோடு இந்த வாரமே ஒரு புல் ரிக்வெஸ்ட் அனுப்புங்கள். ஏற்பது மெயின்டெய்னரின் வேலை. சரியான எண்ணை ஆதாரத்தோடு அவர் முன் வைப்பது உங்கள் வேலை.